ஒரு குடும்பத்தின் கரிமத் தடம்: கணக்கில் வருவதும் வராததும்

இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை மின்கணக்கீட்டாளர் வந்து மீட்டரைப் பார்த்து எழுதிவிட்டுப் போகும்போது, ஒரு குடும்பம் எத்தனை யூனிட் மின்சாரம் செலவழித்தது என்பதும் அதற்கு எவ்வளவு பணம் கட்ட வேண்டும் என்பதும் தெரிந்துவிடுகின்றன. அந்த யூனிட்டுகளுக்காக எங்கோ எரிந்த நிலக்கரி எவ்வளவு, அதிலிருந்து காற்றில் கலந்தது எவ்வளவு என்பதை எந்த அட்டையும் சொல்வதில்லை. அரிசிச் சிப்பத்திலும் பால் பாக்கெட்டிலும் பெட்ரோல் ரசீதிலும்கூட அந்தத் தகவல் இல்லை. ஒரு பொருளின் விலையை அறிய நமக்குக் கடைக்காரர் போதும். அது நிலத்தின் மீதும் நீரின் மீதும் காற்றின் மீதும் வைக்கும் சுமையை அறிய வேண்டுமானால் தனியாக ஒரு கணக்குப் போட்டுத்தான் ஆக வேண்டும். அந்தக் கணக்கைக் கடந்த முப்பது ஆண்டுகளில் பலர் பலவிதமாகப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

1990-களின் தொடக்கத்தில் கனடாவின் வான்கூவரில் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வில்லியம் ரீஸ் என்ற பேராசிரியரும் அவரிடம் ஆய்வு மாணவராக இருந்த மாத்திஸ் வாக்கர்நாகலும் எழுப்பிய கேள்வி நிலத்தைப் பற்றியது. ஒரு மனிதர் உண்பதை விளைவிக்க, உடுத்துவதை நெய்ய, குடியிருக்க, அவரால் வெளியேறும் கரியமில வாயுவை மரங்கள் உறிஞ்சிக்கொள்ள, மொத்தம் எவ்வளவு நிலமும் கடலும் தேவைப்படும் என்று அவர்கள் கேட்டார்கள். அதற்குச் சூழலியல் தடம் என்று பெயர். உலகச் சராசரி விளைதிறன் கொண்ட ஒரு ஹெக்டேரை அலகாக வைத்து அது அளக்கப்படுகிறது. இந்தக் கணக்கின்படி உலகில் தலைக்கு ஏறத்தாழ 1.5 ஹெக்டேர்தான் இருக்கிறது. மனிதகுலம் செலவழிப்பதோ அதைப்போல் 1.7 மடங்கு. ஓர் ஆண்டுக்குரிய வளம் எந்த நாளில் தீர்ந்துபோகிறது என்று அறிவிக்கும் வழக்கமும் இதிலிருந்து வந்ததுதான்; 2024-இல் அந்த நாள் ஆகஸ்ட் 1.

நீருக்கும் இப்படியொரு கணக்கு உண்டு. லண்டனைச் சேர்ந்த டோனி ஆலன் 1990-களில் முன்வைத்த கருத்தைத் தமிழில் மறைநீர் என்று அழகாகச் சொல்கிறோம்: ஒரு பொருளுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் அடங்கியிருக்கும் நீர். அதை அடிப்படையாகக் கொண்டு நெதர்லாந்தின் அர்யன் ஹோக்ஸ்ட்ரா 2002-இல் நீர்த் தடம் என்ற அளவீட்டை உருவாக்கினார். ஒரு கிலோ அரிசிக்கு உலகச் சராசரியாக 2,500 லிட்டர், ஒரு பருத்திச் சட்டைக்கும் ஏறத்தாழ அதே அளவு என்று இன்று பரவலாகச் சொல்லப்படும் எண்கள் அவருடைய குழுவின் ஆய்வுகளிலிருந்து வந்தவை.

ஆனால் பொதுமக்களிடம் அதிகம் புழங்குவது கரிமத் தடம்தான்: ஒருவருடைய வாழ்க்கையால் காற்றில் கலக்கும், பூமியைச் சூடேற்றும் வாயுக்களின் மொத்த எடை. அது பரவிய விதத்தில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தனிநபர் தன் கரிமத் தடத்தைத் தானே கணக்கிட்டுப் பார்க்கும் இணையக் கருவியை 2004-இல் பெரும் விளம்பரத்துடன் மக்கள் முன் வைத்தது பிபி என்ற எண்ணெய் நிறுவனம். எண்ணெயை எடுத்து விற்பவரிடமிருந்து அதை வாங்கி எரிப்பவரிடம் பொறுப்பைத் தள்ளிவிடும் உத்தி அது என்ற விமர்சனம் அப்போதிருந்தே தொடர்கிறது. அந்த விமர்சனத்தில் நியாயம் இருப்பதாகவே நான் கருதுகிறேன். எனினும் அளவுகோலை யார் கையில் கொடுத்தார்கள் என்பதற்காக அளவுகோலே பொய்யாகிவிடாது. அதை எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குப் பயன்படுத்தக் கூடாது என்று தெரிந்துகொள்ள, ஒருமுறை நாமே கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் வழி.

கணக்கின் அடிப்படை வேதியியல் எளிது. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அதை எரித்தால் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடு என்னும் கரியமில வாயுவோ ஏறத்தாழ 2.3 கிலோ. முதன்முறை கேட்பவர்கள் இதை நம்ப மறுப்பது இயல்பு. பெட்ரோலில் இருக்கும் கார்பன் எரியும்போது, ஒவ்வொரு கார்பன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைச் சேர்த்துக்கொள்கிறது. கார்பனின் எடை 12 பங்கு என்றால் சேரும் ஆக்சிஜனின் எடை 32 பங்கு. ஆக 12 கிலோ கார்பன் 44 கிலோ வாயுவாகிறது. கூடுதல் எடை முழுவதும் காற்றிலிருந்து வந்தது. சமையல் எரிவாயுவுக்கும் இதே கணக்குத்தான்: ஒரு கிலோ எரிந்தால் ஏறத்தாழ 3 கிலோ. மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு போன்ற பிற வாயுக்கள் எவ்வளவு வெப்பத்தைப் பிடித்துவைக்கின்றன என்பதைக் கார்பன் டை ஆக்சைடோடு ஒப்பிட்டு, எல்லாவற்றையும் ஒரே கிலோ கணக்கில் கூட்டிக்கொள்வார்கள்.

இனி தமிழ்நாட்டின் நடுத்தர ஊர் ஒன்றில் வசிக்கும் நான்கு பேர் கொண்ட குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். இரு மாதங்களுக்கு 400 யூனிட் மின்சாரம், ஆண்டுக்கு ஒன்பது சிலிண்டர், இரண்டு இருசக்கர வாகனங்களுக்கும் சேர்த்து மாதம் 20 லிட்டர் பெட்ரோல், மாதம் ஒரு 25 கிலோ அரிசிச் சிப்பம், நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் பால். எங்கும் காணக்கூடிய குடும்பம்தான். ஆடம்பரம் எதுவும் இல்லை.

எரிவாயுவில் தொடங்கலாம், அதுதான் சுலபம். ஒரு சிலிண்டரில் 14.2 கிலோ, ஒன்பது சிலிண்டர் எரிந்தால் ஆண்டுக்கு 380 கிலோ. பெட்ரோல் 240 லிட்டரில் 550 கிலோ. இரண்டிலும் சர்ச்சைக்கு இடமில்லை. எரிந்தது எவ்வளவு என்று தெரிந்தால் வெளியேறியதும் தெரிந்துவிடும்.

மின்சாரம் அப்படியல்ல. மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கின்படி இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட் உற்பத்திக்குச் சராசரியாக 0.7 கிலோவுக்குச் சற்று மேல் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. 2,400 யூனிட்டுக்கு ஏறத்தாழ 1,700 கிலோ. கம்பியிலும் மின்மாற்றியிலும் வீணாகும் மின்சாரத்தையும் சேர்த்தால் 1,900 கிலோவை நெருங்கும். ஆனால் முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழியிலும் காற்றாலைகள் சுழலும் மாநிலத்தில் இருந்துகொண்டு நாம் ஏன் நாடு முழுவதற்குமான சராசரியை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஒருவர் கேட்கலாம். ஆடி மாதக் காற்றில் தமிழ்நாட்டின் மின்சாரத்தில் கணிசமான பங்கு காற்றாலைகளிலிருந்து வருகிறது. கூடங்குளத்தின் அணுமின்சாரமும் இருக்கிறது. மறுபுறம் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியும் இருக்கிறது. 2013 டிசம்பர் 31 அன்று தென்மாநில மின்தொகுப்பு நாட்டின் மற்றத் தொகுப்புகளோடு இணைக்கப்பட்டதிலிருந்து, நம் வீட்டு மின்விளக்கில் எரிவது எந்த நிலையத்தின் மின்சாரம் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. நமக்கு மிஞ்சிய காற்றாலை மின்சாரம் வெளியே போனால் அங்கே நிலக்கரி மிச்சமாகிறது; நமக்குப் பற்றாக்குறை வந்தால் அங்கே எரிந்த நிலக்கரி இங்கே வெளிச்சமாகிறது. அதனால் நாட்டுச் சராசரியை எடுப்பதே நேர்மையான வழி. ஆயினும் ஒரே யூனிட்டுக்கு வெயில் காயும் நண்பகலில் ஒரு மதிப்பும், சூரியன் மறைந்தபின் எல்லா வீடுகளிலும் விளக்கும் குளிர்சாதனமும் ஒருசேர ஓடும் இரவில் வேறு மதிப்பும் இருக்கிறது என்பதைச் சராசரி மறைத்துவிடுகிறது. மோட்டார் போட்டு மேல்நிலைத் தொட்டியை நிரப்புவதையும் துணி துவைக்கும் இயந்திரத்தை ஓட்டுவதையும் பகலில் வைத்துக்கொள்ளும் வீட்டின் உண்மையான சுமை மீட்டர் காட்டுவதைவிடக் குறைவாகவே இருக்கும்.

பயணத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் வண்டி கிலோமீட்டருக்கு 50 கிராம் வெளியேற்றுகிறது. லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடும் டீசல் பேருந்து வெளியேற்றுவது ஏறத்தாழ 675 கிராம். பேருந்தில் ஐம்பது பேர் இருந்தால் தலைக்கு 14 கிராம்கூட ஆகாது. பத்துப் பேர் மட்டும் இருந்தால் தலைக்கு 67 கிராம், அதாவது இருசக்கர வாகனத்தைவிட அதிகம். ஆனால் அந்தப் பதினோராவது பயணி ஏறுவதால் கூடுதலாக எரியும் டீசல் மிகச் சொற்பம். பேருந்து எப்படியும் ஓடத்தான் போகிறது. ஆகவே காலியாக ஓடும் பேருந்தின் சராசரியைக் காட்டி வண்டியை நியாயப்படுத்துவது கணக்கைத் தவறாகப் படிப்பதாகும்.

இப்போது உணவுக்கு வருவோம். பலருக்கு எதிர்பாராத இடம் இதுதான்.

ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த ஜோசப் பூரும் சுவிட்சர்லாந்தின் தாமஸ் நெமசெக்கும் 119 நாடுகளின் ஏறத்தாழ 38,700 பண்ணைகளின் தரவுகளைத் திரட்டி 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மனிதர்களால் வெளியேறும் பசுமைக்குடில் வாயுக்களில், அதாவது வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயுக்களில், கால்பங்கு உணவு சார்ந்தது. ஒரு கிலோ அரிசிக்கு உலகச் சராசரியாக 4 கிலோ, ஒரு லிட்டர் பாலுக்கு 3 கிலோ. நம் குடும்பம் ஆண்டுக்கு உண்ணும் 300 கிலோ அரிசிக்கு 1,200 கிலோ. 547 லிட்டர் பாலுக்கு 1,640 கிலோ. இரண்டும் சேர்ந்து 2,800 கிலோவைத் தாண்டுகின்றன. மின்சாரத்தைவிட அதிகம், பெட்ரோலைப்போல் ஐந்து மடங்கு. மின்விசிறியை அணைத்தாயா என்று பிள்ளைகளைக் கேட்கும் வீட்டில், பாலும் சோறும் கணக்கில் முன்னால் நிற்கின்றன.

அரிசியில் இவ்வளவு எப்படி வந்தது? தண்ணீர் தேங்கி நிற்கும் வயலில் மண்ணுக்குள் காற்று புகுவதில்லை. காற்றில்லாத அந்தச் சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் அழுகும் தாள், வேர், தொழுவுரம் ஆகியவற்றை மீத்தேனாக மாற்றுகின்றன. அது நெற்பயிரின் தண்டுக்குள் இருக்கும் காற்றறைகள் வழியாகவே மேலேறி வெளிவருகிறது. ஆகவே தீர்வும் தண்ணீர் கட்டும் முறையிலேயே இருக்கிறது. பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரிந்துரைக்கும் முறையில், துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் பதித்து, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகே மறுபடி தண்ணீர் கட்டுகிறார்கள். மீத்தேன் ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது, தண்ணீரும் மிச்சமாகிறது. நம் உழவர்கள் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டுவது என்று சொல்வது இதைத்தான். திருந்திய நெல் சாகுபடியின் ஒரு கூறாகவும் இது நம் வயல்களுக்குச் சொல்லப்பட்டு வந்திருக்கிறது. நனைந்தும் காய்ந்தும் வரும் மண்ணில் நைட்ரஸ் ஆக்சைடு சற்றுக் கூடலாம் என்பதால் தழைச்சத்து உரத்தை அளந்து போட வேண்டியிருக்கிறது. டெல்டாவின் கடைமடையில் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத நிலையில், வந்த தண்ணீரைத் தேக்கி வைத்துக்கொள்ளும் விவசாயியின் தயக்கமும் புரிந்துகொள்ளக்கூடியதே. முறைவைத்து வரும் தண்ணீர் உறுதியானால்தான் வயலைக் காயவிட அவருக்குத் துணிவு வரும்.

இங்கே தனிநபர் கணக்கின் எல்லை தெளிவாகத் தெரிகிறது. நம் சிப்பத்தில் உள்ள அரிசி காயவிட்ட வயலில் விளைந்ததா, தேக்கிய வயலில் விளைந்ததா என்பதை எந்தக் கடையிலும் கேட்டு அறிய முடியாது. இரண்டுக்கும் ஒரே 4 கிலோவைத்தான் போட்டாக வேண்டும். உண்பவரின் கையில் இருப்பது ஒன்றே: வாங்கியதை வீணாக்காமல் இருப்பது. மிஞ்சிய சோற்றில் நீரூற்றி வைத்து மறுநாள் உண்ணும் வழக்கம் உள்ள வீடு, உலகில் பெரும்பேச்சாக இருக்கும் உணவு விரயத்தைப் பேசாமலே குறைத்துவந்த வீடு.

பால் கணக்கில் சிக்கல் இன்னும் கூடுதல். மாடு அசைபோடும்போது அதன் இரைப்பையில் உருவாகும் மீத்தேன் ஏப்பமாக வெளிவருகிறது. தெற்காசியாவில் ஒரு மாடு தரும் பால் குறைவு என்பதால் லிட்டருக்கான அளவு உலகச் சராசரியைவிட அதிகமாகவே வருகிறது. ஆனால் இங்கே மாடு பாலுக்காக மட்டும் வளர்வதில்லை. சாணம் எருவாகிறது, எரிபொருளாகிறது, கன்று விற்கிறது, அறுவடைக்குப் பின் வயலில் கிடக்கும் வைக்கோலும் தட்டையும் அதன் தீவனம். வெளியேறிய மீத்தேனில் எவ்வளவைப் பாலின் மீது சுமத்துவது, எவ்வளவை எருவின் மீது சுமத்துவது என்பதற்கு இயற்கையில் விடை கிடையாது. கணக்கிடுபவர்தான் முடிவு செய்ய வேண்டும். கால அளவும் அப்படியே. மீத்தேன் காற்றில் ஏறத்தாழ பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளே தங்கும், ஆனால் தங்கும்வரை கடுமையாகச் சூடேற்றும். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் கார்பன் டை ஆக்சைடைப்போல் 27 மடங்கு. இருபதாண்டுக் கணக்கில் பார்த்தால் 80 மடங்கு. வழக்கமாக நூறாண்டுக் கணக்கையே எடுக்கிறார்கள். இருபதாண்டை எடுத்தால் நம் குடும்பத்தின் சோறும் பாலும் மற்ற எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளிவிடும். எந்தக் கால அளவு சரி என்பதில் அறிவியலாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. எதை எடுத்தோம் என்பதைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்வதுதான் தவறு.

இதுவரை கூட்டினால் குடும்பத்துக்கு ஏறத்தாழ 5,700 கிலோ, தலைக்கு 1.4 டன். எண்ணெய், பருப்பு, காய்கறி, முட்டை, இறைச்சி, துணிமணி ஆகியவை இன்னும் சேரவில்லை. ஆனால் மாதாமாதம் வாங்கும் சில்லறைப் பொருள்களைவிட, எப்போதாவது ஒருமுறை செய்யும் செலவுகளிலேயே பெரிய சுமை ஒளிந்திருக்கிறது என்பதால் அவற்றை விரிவாகப் பார்ப்பது பயனுள்ளது.

வீட்டைக் கட்டுவதை எடுத்துக்கொள்வோம். ஆயிரம் சதுர அடிக்கு 400 மூட்டை சிமென்ட், 4 டன் கம்பி என்பது கட்டுமானத் துறையினர் கைக்கணக்காகச் சொல்வது. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு சிமென்ட் ஆக்கும்போது எரிபொருளிலிருந்து மட்டுமல்ல, கல்லுக்குள்ளிருந்தே கார்பன் டை ஆக்சைடு வெளிவருகிறது. சாம்பல் கலந்த சிமென்ட் என்றாலும் மூட்டைக்கு 30 கிலோ வைக்கலாம்: 12 டன். கம்பிக்குக் கிலோவுக்கு 2.5 கிலோ வீதம் 10 டன். செங்கல், மணல், லாரி ஆகியவற்றை விட்டுவிட்டாலும் 22 டன். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 440 கிலோ. குடும்பத்தின் சமையல் எரிவாயுவைவிட அதிகம். இருபத்தைந்தே ஆண்டுகளில் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினால் ஆண்டுக்கு 880 கிலோ. பழைய வீட்டைப் பராமரித்து வாழ்வதன் மதிப்பு எந்த மாதக் கணக்கிலும் தெரியாது.

நகை இன்னும் வியப்பளிப்பது. உலகத் தங்கக் கழகம் 2019-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, சுரங்கத்திலிருந்து ஒரு டன் தங்கம் எடுக்க 32,000 டன்னுக்கு மேல் பசுமைக்குடில் வாயு வெளியேறுகிறது. அதாவது ஒரு கிராமுக்கு 30 கிலோவுக்கு மேல். ஒரு டன் பாறையை உடைத்து அரைத்தால் சில கிராம் தங்கமே கிடைக்கும் என்பதே காரணம். நம் கோலார் தங்கவயல் 2001-இல் மூடப்பட்டதற்கும், ஆழம் கூடக்கூடத் தரம் குறைந்து செலவு கட்டுபடியாகாமல் போனதே முதன்மைக் காரணம். ஒரு பவுன் எட்டு கிராம், 240 கிலோ. ஒரு திருமணத்துக்கு இருபது பவுன் புதுத் தங்கம் வாங்கினால் 4,800 கிலோ: நான்கு பேரின் ஓராண்டு மின்சாரம், எரிவாயு, பெட்ரோல், அரிசி, பால் எல்லாம் சேர்ந்த தொகையை நெருங்குகிறது. அம்மாவின் நகையை அழித்துச் செய்தால், பட்டறையில் உருக்கும் நெருப்பு மட்டுமே கணக்கில் வரும். தங்கம் நம் பெண்களுக்கு ஆபத்துக்கால வைப்பு என்பதை நான் அறிவேன். வாங்காதீர்கள் என்று சொல்ல இந்த எண்ணைக் கூறவில்லை. கரிமத் தடத்தைப் பேசும் பட்டியல்கள் பெரும்பாலும் வேறு நாடுகளின் வாழ்க்கை முறையைப் பார்த்து எழுதப்பட்டவை என்பதால், நம் வீட்டின் மிகப் பெரிய சுமையொன்று அவற்றில் இடம்பெறுவதே இல்லை என்பதைச் சுட்டிக்காட்டவே கூறுகிறேன்.

அறையைக் குளிர்விக்கும் குளிர்சாதனத்திலும் (ஏசி) இப்படியொரு மறைவான சுமை உண்டு. அது இழுக்கும் மின்சாரம் மீட்டரில் பதிவாகிறது. கசியும் வாயு பதிவாவதில்லை. ஆர்-410ஏ என்ற வாயு ஒரு கிலோ கசிந்தால் அது ஏறத்தாழ 2,000 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு ஈடு. இப்போதைய புதிய கருவிகளில் பரவலாக உள்ள ஆர்-32 என்றால் 675 கிலோ. கருவி குளிரவில்லை என்று ஒவ்வொரு கோடையிலும் கேஸ் நிரப்பிக்கொள்ளும் வீடு, கசிவை அடைக்காமல் நிரப்பினால், அந்த வாயு அப்படியே வானத்துக்குப் போகிறது. கழற்றி வேறு வீட்டுக்கு மாற்றும்போது வாயுவைத் திறந்துவிடுவதும் அதே விளைவைத் தருகிறது. விமானம் பற்றி ஒரே வரி போதும்: சென்னையிலிருந்து டெல்லிக்கு ஒருவர் போய்வந்தால் ஏறத்தாழ 400 கிலோ, அதாவது நான்கு பேருக்கு ஓராண்டு சமைத்த எரிவாயுவைவிட அதிகம், ரயிலில் அதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

இப்படிப் பொருள் பொருளாகக் கணக்கிடுவது ஒரு முறை. பொருளாதாரத்தின் ஒவ்வொரு துறையும் மற்றத் துறைகளிடமிருந்து எவ்வளவு வாங்குகிறது என்று காட்டும் அட்டவணையைப் பொருளியலாளர் வாசிலி லியோன்டியெஃப் உருவாக்கினார். அதற்காக 1973-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதை வைத்து, துணிக்கு இத்தனை ரூபாய் செலவழித்தால் இத்தனை கிலோ என்று செலவின் அடிப்படையில் கணக்கிடுவது இன்னொரு முறை. முதலாவதில் ஏதாவதொரு கண்ணி விடுபட்டுக்கொண்டே இருக்கும். இரண்டாவதில் எதுவும் விடுபடாது, ஆனால் 500 ரூபாய்ச் சட்டையைவிட 5,000 ரூபாய்க் கைத்தறிச் சேலை பத்து மடங்கு சுமை தருவதாகக் காட்டிவிடும். இணையத்தில் இரண்டு கருவிகளில் ஒரே விவரங்களைக் கொடுத்து இரண்டு வேறு விடைகள் பெறுவோர் குழம்ப வேண்டியதில்லை. அவை வேறு வேறு எல்லைகளுக்குள் கணக்கிடுகின்றன. சாலை, மருத்துவமனை, பள்ளிக்கூடம் ஆகியவற்றின் பங்கை ஒரு கருவி தலைக்குத் தலை பிரித்துச் சேர்க்கும், மற்றொன்று சேர்க்காது. ஆகவே ஒருவர் தம் கணக்கைத் தம் சென்ற ஆண்டுக் கணக்கோடு, அதே முறையில் போட்டு ஒப்பிடலாம். வேறொரு கருவியில் வந்த பக்கத்து வீட்டாரின் எண்ணோடு ஒப்பிடுவதில் பொருளில்லை.

கரிமக் கணக்கு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அதற்குத் தெரியாதவை இருக்கின்றன. திருப்பூரில் தைத்து ஐரோப்பாவில் உடுத்தப்படும் பின்னலாடையின் கரிமத்தை, உடுத்துபவரின் கணக்கில் சேர்ப்பதே நுகர்வுக் கணக்கின் முறை; அது நியாயமானதுதான். ஆனால் சாயக்கழிவு கலந்த நொய்யலும், ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய கழிவுநீரும், அதைச் சுற்றிப் பாழான கிணறுகளும் கிலோ கணக்கில் எங்கும் ஏறவில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது கரிமத்துக்காக அல்ல. மஞ்சப்பையும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. டென்மார்க்கின் சுற்றுச்சூழல் முகமை 2018-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு பருத்திப் பையை 52 முறையாவது பயன்படுத்தினால்தான் அது கடைகளில் தரும் பிளாஸ்டிக் பையைவிடக் காலநிலைக்கு நல்லது என்றது. வாரம் ஒருமுறை சந்தைக்கு எடுத்துப்போனால் ஓராண்டு. நம் துணிப்பைகள் அதைத் தாண்டியும் உழைப்பவை. அதைவிட முக்கியமானது, சாக்கடையை அடைத்து மழைநாளில் தெருவை மூழ்கடிக்கும் பையையும் மாட்டின் வயிற்றில் சேரும் பையையும் அந்த ஆய்வு அளக்கவில்லை என்பது. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை வந்ததற்கு அவையே காரணம்.

எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, அது அதிகமா குறைவா என்று கேட்காமல் இருக்க முடியாது. ஜப்பானைச் சேர்ந்த உலகச் சூழல் உத்திகளுக்கான ஆய்வு நிறுவனமும் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகமும் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், வாழ்க்கை முறை சார்ந்த கரிமத் தடம் தலைக்குப் பின்லாந்தில் 10.4 டன், ஜப்பானில் 7.6 டன், இந்தியாவில் 2 டன் என்று மதிப்பிட்டார்கள். புவி வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்த 2030-இல் தலைக்கு 2.5 டன்னும் 2050-இல் 0.7 டன்னும் இருக்க வேண்டும் என்பது அவர்கள் வகுத்த இலக்கு. இந்தியச் சராசரி 2030 இலக்குக்குக் கீழே இருக்கிறது என்று நிம்மதி கொள்வதற்கு முன், அந்தச் சராசரிக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். 1990 முதல் 2015 வரை உலகில் வெளியேறிய கரிமத்தில் பாதிக்கு மேல் செல்வந்தர்களான 10 விழுக்காட்டினரால் வந்தது, ஏழைகளான பாதிப் பேரின் பங்கு 7 விழுக்காடு மட்டுமே என்று ஆக்ஸ்ஃபாம் என்ற பன்னாட்டுத் தொண்டு அமைப்பு 2020-இல் கணக்கிட்டது. ஒரு நாட்டுக்குள்ளும், ஒரு மாநகருக்குள்ளும், சில வேளைகளில் ஒரே தெருவுக்குள்ளும் இந்த ஏற்றத்தாழ்வு இருக்கிறது. நான்கு அறைகளிலும் குளிர்சாதனம் ஓடி, ஆண்டுக்குச் சிலமுறை விமானத்தில் பறக்கும் குடும்பமும், அந்த வீட்டில் பாத்திரம் துலக்க வரும் பெண்ணின் குடும்பமும் சேர்ந்ததுதான் அந்த 2 டன்.

அந்தப் பெண்ணின் சொந்த ஊரில் அவருடைய தாயார் இன்னும் விறகடுப்பில் சமைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கரிமக் கணக்கின் விதிப்படி, வெட்டிய மரமும் முள்ளும் மறுபடி வளர்ந்துவிடும் என்றால் விறகின் புகைக்கு மதிப்பு ஏறத்தாழ சுழியம். எரிவாயுவுக்கு மாறினால் ஆண்டுக்குச் சில நூறு கிலோ கூடும். அட்டவணையை மட்டும் பார்ப்பவருக்கு விறகடுப்பே சிறந்ததாகத் தோன்றும். ஆனால் ஊதுகுழலோடு அந்த அடுப்பின் முன் நாற்பது ஆண்டுகள் உட்கார்ந்தவரின் நுரையீரலுக்குள் போன புகை அந்த அட்டவணையில் இல்லை. வீட்டுக்குள் சூழும் புகையால் இந்தியாவில் ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் உயிரிழக்கிறார்கள். விறகு பொறுக்க நடந்த தூரமும் அதில் இல்லை. அவருக்குச் சிலிண்டர் போய்ச்சேர வேண்டும். அதனால் அவருடைய கணக்கில் அந்தச் சில நூறு கிலோ கூடத்தான் வேண்டும். அதற்கு ஈடாகக் குறைய வேண்டியது மேலே சொன்ன இருபது பவுனிலும், கசியும் குளிர்சாதனத்திலும், டெல்லி விமானத்திலும் இருக்கிறது.